குழு லோனைப் பற்றி ஆய்வு செய்யப் போகிறேன், எதைக் கேட்பது?

முக்கூடல் மாணவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வணிகவியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது: சமூக நிதியும் சமூக நோக்குள்ள வங்கிகளும், இன்றைய ஆய்வுப் போக்குகள். அதற்குள் எனக்கென்று ஒரு கேள்வியை நான்தான் கண்டுபிடித்துக்கொண்டு போக வேண்டும்.

இதுவரை அறுபது கட்டுரை படித்திருப்பேன். படிக்கப் படிக்கத் தலை சுற்றுகிறது. 1990-களில் எழுதியவர்கள் நுண்கடன் என்கிறார்கள், அதாவது நம் குழு லோன் மாதிரி ஏழைகளுக்குத் தருகிற சின்னக் கடன். அப்புறம் வந்தவர்கள் நிதி உள்ளடக்கம், அதாவது எல்லோருக்கும் வங்கிச் சேவை, என்கிறார்கள். 2007-க்குப் பிறகு, லாபத்தோடு சமூக நன்மையையும் தேடுகிற தாக்க முதலீடு என்ற சொல் வந்துவிடுகிறது. இப்போது வருகிறவற்றில் பாதி, சுற்றுச்சூழல் திட்டங்களுக்குப் பணம் திரட்டுகிற பசுமைப் பத்திரம், மீதி செல்போன் வழியாகத் தருகிற கடன். பெயர்தான் மாறுகிறதா, விஷயமே மாறுகிறதா என்று பிடிபடவில்லை.

நம் பக்கத்துப் பழைய ஆய்வேடுகளையும் புரட்டினேன். இருநூறு பெண்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, "கடனால் உங்கள் வாழ்க்கை முன்னேறியதா?" என்று கேட்டு, அட்டவணை போட்டு முடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு ஞாபகம் வந்தது. அம்மா பீடி சுற்றித்தான் என்னைப் படிக்க வைத்தார். நான் பதினொன்றாவது படிக்கும்போது இப்படி ஒருவர் கேள்வித்தாளுடன் எங்கள் தெருவுக்கு வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு வந்ததே குழு லோன் வசூலிக்கிற தம்பிதான். அவன் வாசற்படியில் நிற்கிறான், அம்மா மடியில் சுளகை வைத்துக்கொண்டு இலை வெட்டிக்கொண்டே "நல்லா இருக்கு சார், உபயோகமா இருக்கு சார்" என்கிறார். அந்த வாரத் தவணைக்குக் கம்மலை அடகு வைத்துவிட்டு, காதில் விளக்குமாற்று ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த ஈர்க்குச்சிக்குக் கேள்வித்தாளில் கட்டம் இல்லை.

நான் அப்படி ஒரு தாளைத் தூக்கிக்கொண்டு போக விரும்பவில்லை. வங்கியில் இருந்தவர்கள், குழு நடத்துகிறவர்கள் யாராவது சொல்லுங்கள். எதைக் கேட்க வேண்டும்?

சேரன்மகாதேவி ஓய்வு மேலாளர் எழுதியது:

உனக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் நீ என்றே எழுதுகிறேன் பிள்ளை. 1981-ல் வங்கியில் சேர்ந்து 2015-ல் ஓய்வு பெற்றவன் நான். கிராமக் கிளைகளில் மட்டும் இருபத்திரண்டு வருஷம்.

முதலில் உன் குழப்பத்துக்கு வருகிறேன். பெயர் மாறியது உண்மை. ஆனால் உள்ளே கேள்வியும் மாறியிருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால் அறுபது கட்டுரையும் ஒரு வரிசைக்கு வந்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லோரும் கேட்ட கேள்வி, ஏழைக்குக் கடன் கொடுத்தால் திரும்பி வருமா என்பதுதான். 1976-ல் முகமது யூனுஸ் சிட்டகாங் பக்கம் ஜோப்ரா கிராமத்தில் 42 பேருக்குச் சொந்தக் காசில் 27 டாலர் கொடுத்தார். மூங்கில் முக்காலி முடைகிறவர்களும் அதில் உண்டு. பணம் திரும்பி வந்தது. 1983-ல் அது கிராமீன் வங்கி ஆனது. இங்கே 1992-ல் நபார்டு என்கிற ஊரக வளர்ச்சி வங்கி 500 சுயஉதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைத்துச் சோதனை செய்தது, அந்த வித்துதான் இன்று தெருவுக்கு நாலு குழுவாக நிற்கிறது. வசூல் நன்றாக இருந்ததால் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது கேள்வி, கடன் வறுமையைக் குறைக்கிறதா என்பது. இதற்கு 1998-ல் பிட், கண்ட்கர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பங்களாதேஷ் கணக்கை வைத்து, பெண்ணுக்கு 100 டாக்கா கடன் கொடுத்தால் வீட்டுச் செலவு வருஷத்துக்கு 18 டாக்கா கூடுகிறது என்றார்கள். அந்த ஒரு எண் உலகம் முழுக்கச் சுற்றியது. பிற்பாடு ரூட்மன், மோர்டக் இருவரும் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, இதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது என்றார்கள். கடன் வாங்கினவளையும் வாங்காதவளையும் சும்மா ஒப்பிட்டால் தப்பு வரும். துணிச்சல் உள்ளவள்தானே முதலில் வாங்குவாள்.

அதற்காகத்தான் குலுக்கிப்போட்டுச் சோதிக்கும் முறை வந்தது. ஹைதராபாத்தில் 104 குடியிருப்புகளை எடுத்து, குலுக்கலில் 52-ல் மட்டும் ஒரு நுண்கடன் நிறுவனம் கிளை திறந்தது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ குழுவினர் செய்தது. முடிவு 2015-ல் வந்தது, கூடவே போஸ்னியா, எத்தியோப்பியா, மெக்ஸிகோ, மங்கோலியா, மொராக்கோ ஆய்வுகளும் ஒரே இதழில் வந்தன. சுருக்கம் இதுதான்: சிலர் தொழில் தொடங்கினார்கள், சிலர் வீட்டுக்குச் சாமான் வாங்கினார்கள், பாக்கு, டீ மாதிரிச் சில்லறைச் செலவு குறைந்தது. ஆனால் பிள்ளைகள் படிப்பிலோ, ஆரோக்கியத்திலோ, வீட்டில் பெண்ணின் பேச்சு எடுபடுவதிலோ பெரிய மாற்றம் தெரியவில்லை. கெடுதல் என்றும் சொல்லவில்லை, அதிசயம் என்றும் சொல்லவில்லை.

இங்கேதான் நிறையப் பேர் ஆய்வை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது கேள்வி: கடனின் உருவம் எப்படி இருக்க வேண்டும்? கொல்கத்தாவில் எரிகா ஃபீல்ட், ரோகிணி பாண்டே முதலானவர்கள் ஒரு சின்னக் காரியம் செய்தார்கள். கடன் கொடுத்த இரண்டாவது வாரமே முதல் தவணை என்பது வழக்கம். ஒரு பகுதிப் பேருக்கு மட்டும் இரண்டு மாதம் கழித்துக் கட்டினால் போதும் என்றார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். அந்த இரண்டு மாதம் கிடைத்தவர்கள் தொழிலில் கூடுதலாகப் போட்டார்கள், மூன்று வருஷம் கழித்தும் லாபம் அதிகமாக இருந்தது. ஆனால் கட்டாமல் விட்டவர்களும் அதிகம். பங்களாதேஷில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் கடன்தாரர்கள் சிலருக்கு வருஷத்தில் இரண்டு தவணையை அவர்கள் விரும்பும் மாதத்தில் தள்ளிக்கொள்ளலாம் என்று சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். அங்கே தொழிலும் நன்றாக நடந்தது, பாக்கியும் குறைந்தது. ஒரே மாதிரி இளக்கம், ஓர் இடத்தில் பாக்கி கூடுகிறது, இன்னோர் இடத்தில் குறைகிறது. ஏன்? இது நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்வி.

நாலாவது, நிறுவனத்தின் குணம் மாறுவது. 2007-ல் மெக்ஸிகோவில் கம்பார்ட்டமோஸ் என்ற நுண்கடன் வங்கி பங்குச் சந்தைக்குப் போனது, 2010 ஆகஸ்டில் இங்கே எஸ்.கே.எஸ். என்ற நுண்கடன் நிறுவனம் போனது. அதே வருஷம் அக்டோபரில் ஆந்திரத்தில் நுண்கடன் நிறுவனங்களைக் கட்டுப்படுத்தி அவசரச் சட்டம் வந்து வசூல் அடியோடு நின்றது. ஆனால் அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. ஆந்திரத்தில் பணத்தை இழந்த நிறுவனங்கள் மற்ற மாநிலங்களிலும் கடனைச் சுருக்கிக்கொண்டன. அப்படிச் சுருங்கிய மாவட்டங்களில் தினக்கூலி குறைந்தது என்று பிரெசா, கின்னன் 2021-ல் எழுதினார்கள். கடன் வாங்காத கூலிக்காரனுக்கும் அடி. ஆகவே குழு லோனே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதே. அது போன இடத்தில் மீட்டர் வட்டிக்காரன் வந்து உட்காருவான். 10,000 என்று எழுதி 8,500 கையில் கொடுத்து, தினம் 100 வீதம் நூறு நாள் வசூலிக்கிற தண்டல் கணக்கைப் போட்டுப் பார், வருஷத்துக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். 2003-லேயே கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தும், 2017 அக்டோபரில் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் தீயில் கருகியதை நாம் பார்த்தோம். இரண்டு சின்னக் குழந்தைகள் அதில்.

வங்கிக் கிளை ஊருக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கும் நல்ல ஆய்வு இருக்கிறது. 1977 முதல் 1990 வரை, வங்கி ஏற்கெனவே இருக்கிற இடத்தில் ஒரு கிளை வேண்டுமானால் வங்கியே இல்லாத நாலு இடங்களில் திறக்க வேண்டும் என்று விதி இருந்தது. அதனால் கிராமத்து வறுமை குறைந்தது என்று பர்கஸ், பாண்டே 2005-ல் காட்டினார்கள். நான் போன முதல் கிளை அப்படித் திறந்ததுதான். ஓட்டு வீட்டில் வாடகைக்கு. இரும்புப் பெட்டியை மாட்டு வண்டியில் கொண்டுவந்து எட்டுப் பேர் இறக்கினோம். மறுநாள் காலையில் ஒரு ஆச்சி வந்து, முந்தியில் முடிந்திருந்த நாற்பது ரூபாயை மேசைமேல் வைத்து, "இத வச்சிருங்க, வீட்ல இருந்தா அவுக எடுத்துருவாக" என்றாள். சேமிப்பு என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் விளங்கியது. அவளுக்குக் கடன் வேண்டியிருக்கவில்லை, பணத்தை வைக்க ஒரு பத்திரமான இடம்தான் வேண்டியிருந்தது.

ஆகவே உன் கேள்விக்கு என் பதில்: வசூல் விகிதத்தைப் பார்க்காதே. ஒவ்வொரு தவணையும் எங்கிருந்து வந்தது என்று கேள். கூலியிலிருந்தா, இன்னொரு லோனிலிருந்தா, அடகிலிருந்தா, அரிசி வாங்குகிற காசிலிருந்தா? முப்பத்துநாலு வருஷத்தில் 'பாக்கி இல்லை' என்ற பட்டியலில் ஆயிரக்கணக்கான பெயருக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை ஒருவரிடமும் கேட்டதில்லை. நீ கேள்.

பத்தமடை குழுக் கணக்கு எழுதுபவர் எழுதியது:

தங்கச்சி, அண்ணாச்சி சொன்னது ரொம்பச் சரி. நான் பதினோரு வருஷமாக எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறேன். 14 பேர். பாதிப்பேர் பாய் நெய்கிறவர்கள், நான் உட்பட. இரண்டு விஷயம் சொல்ல வேண்டும், இதை யாரும் கட்டுரையில் எழுதிப் பார்த்ததில்லை.

ஒன்று, வட்டி. எங்கள் குழுவில் உள்கடன் இரண்டு வட்டி, அதாவது நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய். ஒருத்தி 10,000 எடுத்து மாதம் 1,000 அசலும், மிச்சத்துக்கு வட்டியும் கட்டினால் பத்து மாதத்தில் வட்டி மொத்தம் 1,100. வெளியிலிருந்து குழு லோன் தருகிற கம்பெனி ஒன்றில் என் நாத்தனார் 40,000 வாங்கினாள். இரண்டு வாரத்துக்கு ஒரு தவணை, 980 ரூபாய், 52 தவணை. கணக்குப் போட்டால் அதுவும் கிட்டத்தட்ட வருஷம் 24, 25 சதவீதம். விகிதம் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று! ஆனால் எங்கள் 1,100 எங்கள் பெட்டியில்தான் இருக்கிறது. ரமலானுக்கு முன்னால் பிரித்துக்கொள்வோம், இல்லாவிட்டால் அடுத்தவளுக்குக் கடனாகப் போகும். அவள் வட்டியாகக் கட்டிய 10,960 பத்தமடையை விட்டே போய்விட்டது. வட்டி எவ்வளவு என்று கேட்கிறவர்கள் வட்டி எங்கே போகிறது என்றும் கேட்க வேண்டாமா?

இரண்டாவது, நாள். பாய் என்றால் சந்தையில் விற்கிற சாதாரணப் பாய் வேறு, பட்டுப்பாய் வேறு. பட்டுப்பாய்க்குக் கோரையை நரம்பு மாதிரி வகிர்ந்து, ஓடுகிற தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, காயவைத்து, சாயம் ஏற்றி, அப்புறம்தான் பாவில் ஏற்ற வேண்டும். சீராக நெய்தால் ஒரு பாய்க்கு ஒரு மாதத்துக்கு மேலே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கோரை காயவே காயாது. பாய் முடிந்தால்தான் காசு. தவணையோ இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை. காலை ஏழரைக்குத் தம்பி வந்துவிடுவான். எல்லோரும் கட்டும் வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது.

2023 டிசம்பர் 17, 18 மழையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நாத்தனார் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அவள் தறியில் ஒரு கல்யாணப்பாய் முக்கால்வாசி நெய்து இருந்தது, மணமகன் பெயரைக்கூட ஏற்றிவிட்டாள். பாவு நனைந்து, சிவப்புச் சாயம் வெள்ளைக் கோரையில் இறங்கிவிட்டது. அதற்கடுத்த செவ்வாய்க்கிழமையும் வசூலுக்கு ஆள் வந்தது. கம்பெனி பெயரை இங்கே எழுதப் போவதில்லை, வந்த தம்பியும் பாவம், அவனுக்கு மேலே ஒருவன். என் நாத்தனார் அந்தப் பாயை அறுத்து எடுத்து, வியாபாரியிடம் தரை விரிப்பு விலைக்குக் கொடுத்துவிட்டு 980 கட்டினாள். கம்பெனிக் கணக்கில் அன்று அவள் 'ஒழுங்காகக் கட்டுபவர்'. அடுத்த முறை 60,000 தருகிறோம் என்றார்கள்.

2022-ல் ரிசர்வ் வங்கி புது விதி கொண்டுவந்தது. வருஷ வருமானம் மூன்று லட்சத்துக்குள் இருக்கிற குடும்பத்துக்கு, எல்லாக் கடன் தவணையும் சேர்த்து மாத வருமானத்தில் பாதிக்கு மேலே போகக் கூடாது. நல்ல விதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் மாத வருமானம் என்றால் எந்த மாதம்? பங்குனியா, கார்த்திகையா? உங்கள் அம்மாவுக்குப் பீடிக் கடையில் வாரா வாரம் கூலி வரும், எங்களுக்குப் பாய் விற்கும்போதுதான் வரும். இரண்டு பேருக்கும் ஒரே அட்டை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் தெருவில் வட்டி வாங்கவும் கொடுக்கவும் மனசு ஒப்பாதவர்கள் இருக்கிறார்கள். பள்ளிவாசல் பக்கம் வட்டியில்லாக் கடனுக்கு, அதாவது அழகிய கடனுக்கு, முதலில் போவார்கள். கிடைக்காவிட்டால்தான் லோன். உள்ளுக்குள் அவர்களுக்கு இருக்கிற சங்கடம் எந்தக் கேள்வித்தாளிலும் வராது.

அம்பை வாத்தியார் எழுதியது:

அக்கா எழுதிய "வட்டி எங்கே போகிறது" என்பதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் ஆற்றங்கரைக் கோயிலில் வரகுண பாண்டியன் காலத்துக் கல்வெட்டு ஒன்று கிடைத்தது, ஒன்பதாம் நூற்றாண்டு. அரசன் 290 காசை இளங்கோக்குடிச் சபையாரிடம் ஒப்படைக்கிறான். இளங்கோக்குடி என்பது அம்பாசமுத்திரம்தான். முதலைத் தொடக் கூடாது. காசுக்கு வருஷம் இரண்டு கலம் நெல் பொலிசை, ஆக 580 கலம், கோயில் செலவுக்கு. பொலிசை என்றால் வட்டி. யார் கையில் முதல் இருக்கிறது, வட்டி எந்தக் காரியத்துக்கு என்று இரண்டையும் எல்லோர் கண்ணிலும் படும்படி கல்லில் வெட்டி வைத்தார்கள்.

இன்றைக்கு மதிப்புசார் வங்கி என்று ஆராய்கிறார்களே, அதன் சாரமும் இதுதான். ஜெர்மனியில் 1974-ல் தொடங்கிய ஜி.எல்.எஸ்., நெதர்லாந்தில் 1980-ல் தொடங்கிய ட்ரியோடோஸ், இத்தாலியின் பங்கா எத்திகா, இவையெல்லாம் யாருக்குக் கடன் கொடுத்தோம் என்று வெளியே சொல்கிற வங்கிகள். போட்டவனுக்குத் தன் பணம் காற்றாலைக்குப் போனதா, பள்ளிக்கூடத்துக்குப் போனதா என்று தெரியும். நம் பக்கத்திலும் வணிகர்கள் விற்பனையில் ஒரு பங்கை மகமை என்று எடுத்துவைத்துப் பள்ளியும் சத்திரமும் கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியதும் அந்தப் பழக்கம் ஊறிய சமூகத்தில்தான், 1962-ல் அது தமிழ்நாடு மெர்கன்டைல் வங்கி ஆனது. ஆய்வாளர்கள் ஐரோப்பாவில் தொடங்கி இங்கே வருகிறார்கள். நீ இங்கே தொடங்கலாம்.

தொண்டு நிறுவனங்கள் பணம் திரட்டுகிற சமூகப் பங்குச் சந்தை பற்றியும் ஒரு வரி. 2023 டிசம்பரில் முதல் தொண்டு நிறுவனம் அதில் பட்டியலானது. அங்கே விற்கிற பத்திரத்துக்கு வட்டியும் கிடையாது, அசலும் திரும்பாது, பெயரே பூஜ்ய வட்டி பூஜ்ய அசல் பத்திரம். நன்கொடைதான், ஆனால் கணக்குக் காட்டியாக வேண்டும். புதுத் தலைப்பு, எழுதுகிறவர்கள் நிறைய வருவார்கள். உனக்கு அது வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். உன் கையில் இருப்பது அதைவிடப் பெரியது.

முக்கூடல் மாணவி எழுதியது:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து, பழைய பிஸ்கட் டப்பாவில் இருந்த தவணை அட்டைகளை எடுத்துப் பார்த்தேன். மூன்று நிறம், மூன்று கம்பெனி. ஒவ்வொரு கையெழுத்தையும் காட்டி, "இது எங்கிருந்தும்மா கட்டினோம்?" என்று கேட்டேன். முதலில் "அதெல்லாம் ஞாபகம் இல்ல" என்றார். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வந்தது. இது பி.எஃப். காசு. இது மைனியிடம் கைமாற்று. இது பச்சை அட்டைக் காசை வாங்கி மஞ்சள் அட்டைக்குக் கட்டியது. இது நீ பரீட்சைக்குப் பணம் கேட்ட வாரம். பதினெட்டுத் தவணையில் ஐந்துதான் பீடிக் கூலியிலிருந்து வந்தவை.

கேள்வியை இப்படி எழுதியிருக்கிறேன்: வாரக் கூலிக்காரர் வீட்டிலும், பொருள் விற்றால் மட்டும் வருமானம் வருகிற வீட்டிலும் ஒரே தவணை அட்டை இருந்தால், அந்தத் தவணைகள் எங்கிருந்து வருகின்றன? முக்கூடலில் 30 வீடு, பத்தமடையில் 30 வீடு, பன்னிரண்டு மாதம், ஒவ்வொரு தவணைக்கும் ஒரு வரி. வசூலிக்கிறவர் கூட வரக் கூடாது. இது ஒரு ஆய்வுக்குப் போதுமா அண்ணாச்சி? அறுபது வீடு சின்ன எண்ணிக்கை என்பார்களே?

சேரன்மகாதேவி ஓய்வு மேலாளர் எழுதியது:

போதும். அறுபது வீட்டுக்கு வருஷம் முழுக்கத் தவணை வாரியாகக் கணக்கு எடுத்தால் ஆயிரத்துக்கு மேல் வரி சேரும். இருநூறு பேரிடம் ஒருநாள் கேட்டதைவிட அது கனமானது. ஒன்றே ஒன்று சொல்கிறேன்: ஐப்பசிக்கு முன்னால் தொடங்கிவிடு, மழை மாதம் விட்டுப்போகக் கூடாது. அடகுச் சீட்டுகளைப் பார்க்கக் கேட்கும்போது தேதியை மட்டும் குறித்துக்கொள், கடை பெயர் வேண்டாம். அந்தப் பெண்களுக்கு உன்னால் ஒரு சங்கடமும் வரக் கூடாது. கணக்கு போடுவதில் சந்தேகம் என்றால் எப்போது வேண்டுமானாலும் இங்கே கேள்.

பத்தமடை குழுக் கணக்கு எழுதுபவர் எழுதியது:

30 வீட்டையும் நான் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன் தங்கச்சி. செவ்வாய்க்கிழமை மட்டும் வேண்டாம், அன்று ஒருத்தியும் வாயைத் திறக்க மாட்டாள். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து மூன்று மணிக்குமேல் வாங்க, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க. அந்தப் பிஸ்கட் டப்பாவை அவர் கையிலேயே எடுத்துவரச் சொல்லுங்கள். அதைத் திறந்து காட்டினால் எங்கள் பெண்களும் தங்கள் டப்பாவை எடுப்பார்கள்.